முளைக் கேழ்வரகும் மிதமான சூடும்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று வீசத் தொடங்கியதும், தென்காசிச் சீமையில் சாரல் காலம் ஆரம்பமாகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீராட வருகிற ஜனக் கூட்டத்துக்கு அளவேயில்லை. அருவியின் கீழ் நிற்பவன் முதலில் உணர்வது குளிர். கரையேறியவன் முதலில் உணர்வது பசி. அப்படிக் கரையேறியவர்கள் பொரியும் கடலையும் வாங்கித் தின்னும் இடத்திலெல்லாம் குற்றாலத்துக் குரங்குகளும் ஆஜராகிவிடுகின்றன. திரிகூடராசப்பக் கவிராயர் தமது குற்றாலக் குறவஞ்சியில் இடங்கொடுத்துப் பாடிய குலமல்லவா அது!

அக்குரங்கு உணவைப் பறிக்கும் விதத்தைக் கவனித்தவர்கள் ஒன்று கண்டிருப்பார்கள். அது கிடைத்ததை உடனே மென்று விழுங்குவதில்லை. இரு கன்னங்களிலும் உள்ள பைகளில் திணித்துக்கொண்டு, மரத்தின் மேல் ஏறி, ஆற அமர உட்கார்ந்து பிறகுதான் மெல்லுகிறது. அந்தப் பை வெறும் சேமிப்பு இடம் மட்டுமல்ல. கன்னப் பையுள்ள குரங்கினங்களின் உமிழ்நீரில் மாவுச் சத்தைச் சீரணிக்கும் பொருள் ஏராளமாக இருக்கிறதென்று விஞ்ஞானிகள் கண்டிருக்கின்றனர். ஆகவே குரங்கு மரக்கிளையில் இளைப்பாறிக்கொண்டிருக்கும்போதே, அதன் கன்னத்தில் அடங்கிய உணவு பாதி வழியில் சர்க்கரையாக மாறத் தொடங்கிவிடுகிறது. நம்முடைய வாயிலும் இதே பொருள் ஊறுகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தட்டுவது இதனால்தான்.

இப்பொருளின் இயல்பு என்ன, சூட்டுக்கும் குளிருக்கும் அது எவ்வாறு கட்டுப்படுகிறது, அதை அறிந்துகொள்வதனால் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு என்ன நன்மை என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் விஷயம். பள்ளிக்கூடப் பாடம் போலத் தோன்றினாலும், இது அடுப்பங்கரையில் தினந்தோறும் லாபமோ நஷ்டமோ தரும் விஷயமாகும்.

டயாஸ்டேஸின் வரலாறு

அரிசி, கேழ்வரகு, கோதுமை, மரவள்ளி ஆகியவற்றில் பெரும்பகுதி மாவுச் சத்தே. சர்க்கரை அணுத்திரள்கள் ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி அது. சங்கிலியாக இருக்கும்வரை குடலின் சுவர் அதை ஏற்றுக்கொள்ளாது. துண்டு துண்டாக வெட்டப்பட்டுச் சர்க்கரையான பிறகே அது இரத்தத்தில் சேரும். வெட்டுகிற கத்தரிக்கோலுக்கு இன்று அமிலேஸ் என்று பெயர். இத்தகைய பொருள்களைப் பொதுவாக என்ஸைம் என்றும், தமிழில் நொதி என்றும் வழங்குகிறோம்.

முளைவிட்ட பார்லித் தானியம் மாவுப் பசையைச் சர்க்கரையாக்குவதை ருஷ்யாவில் கிர்ச்சாப் என்பவர் 1815-ஆம் ஆண்டையொட்டிக் கவனித்தார். மனிதனுடைய உமிழ்நீருக்கும் அதே சக்தி உண்டென்று 1831-இல் லோய்க்ஸ் என்ற ஜெர்மானியர் தெரிவித்தார். 1833-இல் பிரான்ஸ் தேசத்து பாயன், பெர்ஸோ என்ற இருவர், முளைப் பார்லியை ஊறவைத்த நீரில் சாராயத்தைச் சேர்த்து, அந்தச் சக்தி வாய்ந்த பொருளை வெண்மையான வண்டலாகப் பிரித்தெடுத்தனர். டயாஸ்டேஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். உலகத்தில் முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்ட என்ஸைம் இதுவேயாகும். கீழ்நாட்டவரும் இத்துறையில் பின்தங்கவில்லை. ஜப்பானியரான தாகமினே, தம் நாட்டில் அரிசியைப் புளிக்கவைக்க வழிவழியாகப் பயன்பட்டுவந்த பூஞ்சக்காளானிலிருந்து இத்தகைய என்ஸைமை எடுத்து, 1894-இல் அமெரிக்காவில் அதற்கு உரிமை பெற்றார். அது மேல்நாட்டு மருந்துக் கடைகளில் சீரண மருந்தாக விலை போயிற்று.

குளிரில் உறக்கம், கொதியில் மரணம்

என்ஸைமுக்கும் சூட்டுக்கும் உள்ள சம்பந்தத்தை எந்த உயர்தரப் பள்ளியிலும் அரை மணி நேரத்தில் செய்து காட்டலாம். சிறிதளவு அரிசி மாவைத் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து, மூன்று கண்ணாடிக் குழாய்களில் ஊற்றிக்கொள்ளவேண்டும். மற்றும் மூன்று குழாய்களில் சிறிது உமிழ்நீர் எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரு ஜோடியைப் பனிக்கட்டியிலும், இன்னொரு ஜோடியை உடம்பின் சூடுள்ள வெந்நீரிலும் வைத்து, பிறகு ஒன்றோடொன்று கலக்கவேண்டும். மூன்றாவது உமிழ்நீரை மட்டும் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறிய பின் மாவு நீரில் சேர்க்கவேண்டும். சில நிமிஷங்களுக்கொரு தடவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, அதன்மேல் அயோடின் துளி இட்டுப் பார்க்கவேண்டும். மாவுச் சத்து இருந்தால் கருநீலம் காணும். அது வெட்டுண்டு போயிருந்தால் நீலம் காணாது.

முடிவு என்னவாயிருக்கும்? உடம்புச் சூட்டில் வைத்த குழாயில் நீலம் விரைவில் மறையும். பனிக்கட்டியில் வைத்ததில் நீலம் நீடிக்கும். கொதித்த உமிழ்நீர் சேர்ந்ததிலும் நீலம் நீடிக்கும். ஆனால் பின்னிரண்டும் ஒன்றென்று எண்ணிவிடலாகாது. பனியிலிருந்ததை எடுத்து வெதுவெதுப்பான நீரில் வைத்தால், என்ஸைம் விழித்துக்கொண்டு தன் வேலையைத் தொடங்கும். கொதித்ததையோ எத்தனை நேரம் எவ்வளவு பக்குவமாக வைத்திருந்தாலும் அது மீளாது. குளிர் என்ஸைமை உறங்கவைக்கிறது. கொதி அதைக் கொன்றுவிடுகிறது.

இதற்குக் காரணம் யாது? என்ஸைம் ஒரு புரதப் பொருள்; நூற்கண்டு போல ஒரு குறிப்பிட்ட விதத்தில் மடிந்து சுருண்டிருப்பது. அந்த மடிப்பிலுள்ள ஒரு பள்ளத்தில்தான் மாவுச் சங்கிலி வந்து பொருந்தி வெட்டுப்படுகிறது. சூடு ஏற ஏற அணுத்திரள்களின் ஓட்டமும் மோதலும் அதிகரிக்கின்றன. ஏறக்குறைய 10 டிகிரி சென்டிகிரேடு உயரும்தோறும் வேலையின் வேகம் சுமார் இரு மடங்காகிறது. ஆனால் ஓர் எல்லையைத் தாண்டினால் என்ஸைமின் மடிப்பே குலைந்துபோகிறது. பள்ளம் மறைந்தபின் வெட்டுவதற்கு வழியில்லை. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு ஆறினாலும் பழையபடி நீராவதுண்டோ? அதுபோலத்தான் இதுவும்.

நம் தாய்மார்களுக்கு இந்த உண்மை முற்றிலும் புதிதன்று. பாலுக்கு உறை ஊற்றும் பக்குவத்தை எண்ணிப் பாருங்கள். கொதிக்கும் பாலில் உறை விட்டால் தயிராகாது. சில்லென்ற பாலில் விட்டாலும் விடியும்வரை உறையாது. விரல் பொறுக்கும் சூட்டில் விடவேண்டும் என்பது எந்த நூலையும் படிக்காமலே அவர்கள் அறிந்தது. உறை மோரில் இருப்பவை உயிருள்ள நுண்கிருமிகள். அமிலேஸுக்கோ உயிர் கிடையாது. ஆயினும் சூட்டின் மூன்று நிலைகளும் இரண்டுக்கும் பொதுவானவை.

அருவியில் நிற்பவனும் சிற்றாற்று மீனும்

மனிதனுடைய அமிலேஸ் நன்றாக வேலை செய்வது அவனது உடம்புச் சூட்டை ஒட்டியே. அது சுமார் 37 டிகிரி சென்டிகிரேடு. வைத்தியர்களின் பழைய கணக்கில் 98.6 டிகிரி பாரன்ஹீட். சாரல் நாளில் ஒருவன் ஐந்தருவியில் பல் கிட்டும்படி நின்றாலும், குளிர்வது அவன் தோலும் கைகால்களுமே. உள்ளே குடலும் கல்லீரலும் இருக்கும் இடத்தின் உஷ்ணம் அநேகமாக மாறுவதில்லை. உடல் தன் உணவை எரித்து அந்த உஷ்ணத்தைக் காப்பாற்றுகிறது. அருவிக் குளிப்புக்குப் பின் பசி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே அருவி இறங்கி ஓடும் சிற்றாற்றிலுள்ள மீனுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. தண்ணீரின் உஷ்ணமே அதன் உடம்பின் உஷ்ணம். தண்ணீர் குளிர்ந்தால் அதன் சீரணமும் மந்தமாகும். இரை எடுப்பதும் குறையும். வேலி மேல் ஓணான் வெயில் காய்வதும் வீண் சோம்பலன்று. சூரியனிடம் கடன் வாங்கிய சூட்டைக் கொண்டுதான் அது உண்டதைச் செரிக்கவேண்டியிருக்கிறது.

உணவோடு குளிர்ந்த நீர் அருந்தினால் ஜடராக்கினி அவிந்துவிடும் என்று அநேகர் அஞ்சுகின்றனர். ஒரு தம்ளர் குளிர்ந்த நீர் இரைப்பையைச் சிறிது நேரம் குளிர்விக்கும் என்பது உண்மையே. ஆனால் உடலின் சூடு அதை விரைவில் ஈடுசெய்துவிடுகிறது. குளிரில் உறங்கிய என்ஸைம் விழித்துக்கொள்ளும் என்பதை மேலே கண்டோம். அன்றியும், மாவுச் சத்தின் சீரணத்தில் பெரும்பகுதி நடப்பது இரைப்பையில் அல்ல; கணையத்தின் நீர் வந்து கலக்கும் சிறுகுடலில். காய்ச்சலில் உடம்பு 40 டிகிரிக்கு ஏறினாலும் அமிலேஸ் அழிந்துவிடாது. காய்ச்சல்காரனுக்குப் பசியில்லாமற் போவதற்குக் காரணம் வேறு.

எல்லா அமிலேஸுக்கும் ஒரே சூடு அன்று

மனித அமிலேஸுக்கு 37 டிகிரி ஏற்றது என்பதனால் எல்லா அமிலேஸுக்கும் அதுவே ஏற்றது என்று கொள்ளலாகாது. எந்த உயிர் எந்த இடத்தில் வாழ்கிறதோ அதற்கேற்றபடி அதன் என்ஸைமும் அமைந்திருக்கிறது. அண்டார்க்டிக் கடலில் வாழும் ஒரு கிருமியின் அமிலேஸைப் பெல்ஜிய நாட்டு லியேஜ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். பனி நீரிலும் அது சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. ஆனால் நம் அமிலேஸ் தாங்கும் சூட்டைக்கூடத் தாங்காமல் குலைந்துவிடுகிறது. குளிரில் வேலை செய்வதற்காகத் தளர்வாக மடிந்த பொருள், சூட்டில் எளிதில் அவிழ்ந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறானது பாஸில்லஸ் இனத்துக் கிருமியொன்றின் அமிலேஸ். தண்ணீர் கொதிக்கும் சூட்டையொட்டியும் அது வேலை செய்யும். மரவள்ளி மாவிலிருந்தும் மக்காச்சோள மாவிலிருந்தும் குளுக்கோஸ் எடுக்கும் ஆலைகளில், மாவுக் கூழை அழுத்தத்தின் கீழ் சுமார் 105 டிகிரிக்குச் சூடாக்கி, இந்த என்ஸைமைக் கொண்டே நீர்க்கச் செய்கிறார்கள். பிறகு சுமார் 60 டிகிரிக்கு ஆறவைத்து, வேறொரு என்ஸைமைச் சேர்த்துச் சர்க்கரையாக்குகிறார்கள். கடையநல்லூரிலும் சங்கரன்கோவிலிலும் நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடுவதை நம்மவர் அறிவர். நெய்து முடிந்த துணியிலிருந்து அந்தக் கஞ்சிப் பசையை நீக்கப் பெரிய சாய ஆலைகளில் பயன்படுவதும் அமிலேஸே. இது நூலுக்குச் சேதமின்றிக் கஞ்சியை மட்டும் கரைத்துவிடுகிறது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது முளைத் தானியத்தின் அமிலேஸ். விதைக்குள் உறங்கும் கரு முளைக்கத் தொடங்கும்போது, தன் வளர்ச்சிக்கு வேண்டிய சர்க்கரைக்காகச் சேமிப்பிலுள்ள மாவை வெட்டுகிற கத்தரியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. கார் நெல் அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டு கதிரிலேயே நெல் முளைத்துவிட்டால், அந்த அரிசியைச் சமைத்தால் சோறு பிசுபிசுத்துக் குழைந்துபோகிறதல்லவா? விளைந்த வீட்டுக்கு அது நஷ்டம். ஆனால் அதே சக்தியை வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில், வேண்டிய சூட்டில் பயன்படுத்தினால் அது பெரிய லாபமாகிறது.

பார்லி முளையில் இருவகை அமிலேஸ்கள் உண்டு. சங்கிலியின் நடுவில் வெட்டிப் பசையை நீர்க்கச் செய்வது ஆல்பா. ஓரத்திலிருந்து இரண்டிரண்டு கண்ணியாக வெட்டிச் சர்க்கரை தருவது பீட்டா. முன்னதற்கு 65 முதல் 72 டிகிரி வரையிலும், பின்னதற்கு 55 முதல் 65 டிகிரி வரையிலும் ஏற்ற சூடு. நம் கேழ்வரகு முளையைப் பற்றி மைசூரில் 1950-இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். சிறுதானியங்களுக்குள் கேழ்வரகு முளையின் அமிலேஸ் சக்தி மேலானது என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த அமிலேஸைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, 45 முதல் 50 டிகிரி வரையில் அது மிகுந்த வேகத்தில் வேலை செய்தது.

மாவுக்கும் சூடு வேண்டும்

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. சூட்டுக்குக் கட்டுப்படுவது கத்தரி மட்டுமல்ல. வெட்டப்படும் மாவும் சூட்டுக்குக் கட்டுப்பட்டதே. பச்சை மாவின் மணிகள் கெட்டியாக அடுக்கப்பட்ட சிறு உருண்டைகள். அவற்றினுள் என்ஸைம் எளிதில் நுழைய முடியாது. தண்ணீரில் 60 முதல் 80 டிகிரி வரை சூடேறும்போது, தானியத்துக்குத் தக்கபடி, அவை ஊதி வெடித்துப் பசையாகின்றன. அப்போதுதான் கத்தரிக்கு வழி பிறக்கிறது. மனிதன் நெருப்பில் சமைக்கக் கற்றதனால் பெற்ற நன்மைகளில் இது முதன்மையானது.

வெந்த மாவு ஆறும்போது, அவிழ்ந்த சங்கிலிகளிற் சில மறுபடியும் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. இரவில் தண்ணீர் ஊற்றிவைத்த பழைய சோற்றில் ஒரு பகுதி மாவு, அமிலேஸுக்கு எளிதில் வசப்படாமல் பெருங்குடல்வரை சென்று அங்குள்ள நுண்கிருமிகளுக்கு உணவாவது இதனால்தான்.

ஆகவே, மாவு வேகுவதற்கு வேண்டிய சூட்டில் முளைத் தானியத்தின் கத்தரி மழுங்கிப்போகிறது. கத்தரிக்கு உகந்த சூட்டில் பச்சை மாவு வேகாது. இரண்டையும் ஒரே பானையில் ஒரே சமயத்தில் கொதிக்கவைத்தால் கத்தரி வீணாகிறது. முதலில் வேகவைத்து, பிறகு ஆற்றி, அதன்பின் முளை மாவைச் சேர்ப்பதே வழி. இந்த முறை மாறாமல் பார்த்துக்கொள்வதில்தான் ஒரு குழந்தையின் வயிறு நிறைவதும் நிறையாததும் அடங்கியிருக்கிறது.

கிண்ணத்தின் கணக்கு

தாய்ப்பாலுக்கு நிகரான உணவு முதல் ஆறு மாதத்துக்கு வேறில்லை. அந்தப் பருவத்துச் சிசுவின் கணையத்தில் அமிலேஸ் மிகக் குறைவு. ஆகவே கஞ்சி அதற்கு ஏற்றதன்று. தாய்ப்பாலிலேயே அமிலேஸ் இருப்பது இயற்கையின் ஏற்பாடு. ஆறு மாதம் கடந்தபின், தாய்ப்பாலோடு பிற உணவும் வேண்டியிருக்கிறது. 6 முதல் 8 மாதம் வரையில் நாளொன்றுக்குச் சுமார் 200 காலரியும், 9 முதல் 11 மாதம் வரையில் 300-ம், ஒரு வயதுக்குமேல் இரண்டு வயதுவரை 550-ம் பிற உணவிலிருந்து கிடைக்கவேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு.

குழந்தையின் வயிறோ சிறியது. 7, 8 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளைக்கு 200 மில்லிக்குச் சற்று அதிகமாகவே கொள்ளும். 200 மில்லிக் கஞ்சியில் 10 கிராம் கேழ்வரகு மாவு போட்டால் அது குழந்தை பருகக்கூடிய பதத்தில் இருக்கும். ஆனால் அதிலிருந்து கிடைப்பது சுமார் 32 காலரியே. 200 காலரி சேர ஆறு கிண்ணம் புகட்டவேண்டும். எந்தக் குழந்தை குடிக்கும்? காலையில் வயலுக்கோ பீடிக் கடைக்கோ செல்லும் எந்தத் தாய்க்கு ஆறு தடவை ஊட்ட நேரமிருக்கிறது? சரி, அதே கிண்ணத்தில் 40 கிராம் மாவு போட்டால் 130 காலரி கிடைக்கும். ஆனால் அது கஞ்சியன்று, களி. குழந்தைக்கு விழுங்க வராது. தாய் என்ன செய்கிறாள்? தண்ணீரைச் சேர்த்து நீர்க்கவைக்கிறாள். வயிறு நிறைகிறது, உடம்பு நிறைவதில்லை.

முளை மாவு இங்கேதான் வந்து உதவுகிறது. 40 கிராம் மாவில் கெட்டியாகக் காய்ச்சிய கூழில், ஏற்ற சூட்டில் ஒரு தேக்கரண்டி முளை மாவைக் கலக்கினால், சில நிமிஷங்களில் கூழ் இளகிப் பருகும் பதத்துக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் சேரவில்லை, மாவு குறையவில்லை. சங்கிலிகள் வெட்டுண்டதால் பசை மட்டும் தளர்ந்தது. தண்ணீர் ஊற்றி நீர்த்த கஞ்சியும், முளை மாவினால் இளகிய கஞ்சியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். முன்னதைவிடப் பின்னதில் நான்கு மடங்கு உணவு இருக்கிறது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மைசூர் நிலையத்தாரும், பரோடா மஹாராஜா ஸாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் அம்மையாரும் அவரைச் சேர்ந்தவர்களும் இந்த உண்மையை ஆராய்ந்து விளக்கினர். விலையுயர்ந்த டப்பா உணவு இல்லாமலே ஏழைக் குழந்தையின் கிண்ணத்தை வளப்படுத்தலாம் என்பதே அவர்கள் காட்டிய வழி.

இது சிறு விஷயமா? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பாரத நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்குத் தக்க உயரமின்றிக் குன்றியிருந்தனர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25 பேர். நான்கு குழந்தைகளுக்கு ஒன்று! இதற்குக் கஞ்சியின் பதம் ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வறுமை, நோய், அசுத்தமான தண்ணீர், தாயின் பலவீனம் எல்லாம் சேர்ந்த பழி அது. ஆயினும் காசில்லாமல் நீக்கக்கூடிய ஒரு குறை கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதை நீக்காமல் விடுவது நியாயமாகுமா?

செய்முறை

நல்ல கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, இரவு முழுதும் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத் துணியில் முடிந்து வைத்தால் ஓரிரண்டு நாளில் முளைவிடும். அவ்வப்போது தண்ணீர் தெளித்து, தானியம் புளித்துச் சூடேறாதபடி கிளறிவிடவேண்டும். சித்திரை வெயிலில் விரைவில் முளைப்பது, சாரல் காலத்துத் தென்காசியில் தாமதமாகும்; இதுவும் உஷ்ணத்தின் வேலையே. சாரல் நாளில் உலர்த்துவதும் கஷ்டம். ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். பூசணம் கண்டதைச் சிறிதும் தயங்காமல் எறிந்துவிடவேண்டும். ஆதலால் ஆண்டுக்கு வேண்டியதை வெயில் உள்ள மாதங்களில் தயாரித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவைப்பது விவேகம்.

நன்கு உலர்ந்த முளையைத் தேய்த்து வேரையும் குருத்தையும் நீக்கியபின், நம் வீடுகளில் அதை மணம் வரும்வரை சட்டியில் வறுப்பது வழக்கம். இங்கேதான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. ஈரத்தோடு வறுத்தால் அமிலேஸ் உடனே மாண்டுபோகும். உலர்ந்த தானியம் ஓரளவு சூட்டைத் தாங்கும். ஆயினும் கருக வறுத்தால் அதிலும் ஒன்றும் மிஞ்சாது. அத்தகைய மாவு ருசியாயிருக்கும், சத்தும் இருக்கும், கேழ்வரகுக்கே உரிய சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் அப்படியே இருக்கும். ஆனால் கூழை இளக்கும் சக்தி போய்விடும். ஆகவே இரண்டு டப்பாவாக வைத்துக்கொள்வது நலம். பெரிய டப்பாவில் வழக்கப்படி வறுத்து அரைத்த மாவு. சிறிய டப்பாவில் வெயிலில் உலர்த்தி, வறுக்காமல் அரைத்த மாவு. முன்னது கூழுக்கு, பின்னது கூழை இளக்குவதற்கு.

பெரிய டப்பா மாவைத் தண்ணீரில் கரைத்துக் கெட்டியாக, நன்றாக வேகக் காய்ச்சவேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிக் கிளறி ஆற்றவேண்டும். எவ்வளவு ஆற்றுவது? வீட்டில் உஷ்ணமானி இல்லையே என்று மலைக்கவேண்டாம். கொதிக்கும் தண்ணீரும் சாதாரணத் தண்ணீரும் சம பாகம் கலந்தால் கிடைப்பது சுமார் 65 டிகிரிச் சூடு. டபராவில் ஆற்றி, வாயில் வைக்கும் பதத்துக்கு வந்த காப்பியின் சூடு அதைவிடச் சற்றுக் குறைவு. அந்தக் காப்பிச் சூட்டுக்குக் கூழ் ஆறியதும், சிறிய டப்பாவிலிருந்து ஒரு தேக்கரண்டி மாவை எடுத்துத் தூவிக் கிளறி மூடிவைக்கவேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கூழ் இளகியிருப்பதைக் கரண்டியே சொல்லும்.

இத்துடன் நிறுத்திவிடலாகாது. முளைகட்டிய தானியத்தின் ஈரத்தில் கிருமிகள் பெருக இடமுண்டு. வறுக்காத மாவைப் பச்சையாகக் குழந்தைக்குக் கொடுப்பது சரியன்று. எனவே இளகிய கஞ்சியை மறுபடி அடுப்பிலேற்றி ஒரு கொதி வரச்செய்து இறக்கவேண்டும். அப்போது அமிலேஸ் அழியுமே என்றால், அழியட்டும். அதன் வேலை முடிந்துவிட்டது. வெட்டுண்ட சங்கிலி மீண்டும் ஒட்டாது. கஞ்சி மறுபடி கெட்டியாகாது. பிறகு வெதுவெதுப்பாக ஆற்றி ஊட்டலாம். வேளைக்கு வேளை புதிதாகக் காய்ச்சுவதே நல்லது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சோள முளையின் குருத்திலும் வேரிலும் நச்சுப் பொருள் உண்டாவதால், குழந்தை உணவுக்குக் கேழ்வரகு முளையே பத்திரமானது. கஞ்சி எத்தனை செறிவாயிருந்தாலும் அது மட்டும் போதாது. பருப்பு, கீரை, முட்டை, பழம், ஒரு கரண்டி எண்ணெய் அல்லது நெய் என்று வீட்டு வசதிக்குத் தக்கபடி சேரவேண்டும். குழந்தை எடை கூடாமலிருந்தால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

செய்யவேண்டியது

1975-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ், நம் கிராமங்களில் அங்கன்வாடிகள் நடந்துவருகின்றன. 2019 நவம்பர் 22-ஆம் தேதி தனி ஜில்லாவாகிய தென்காசியிலும் அவை மூலைமுடுக்கெல்லாம் உண்டு. குழந்தைகளுக்கான சத்து மாவும் அங்கே வழங்கப்படுகிறது. மாவு வழங்குவதோடு, அதை எந்தச் சூட்டில் எப்படிக் கரைப்பது என்பதையும் தாய்மார்களுக்குக் கைப்பழக்கமாகக் கற்பிக்கவேண்டும். மாவுப் பொட்டலங்களின் மேல் சத்துக்களின் பட்டியலை அச்சிடுவதோடு, ‘முதலில் வேகவை, ஆற்று, முளை மாவைச் சேர், காத்திரு, மீண்டும் கொதிக்கவை’ என்ற ஐந்து சொற்றொடர்களையும் தெளிந்த தமிழில் அச்சிட்டால் அதன் பயன் பன்மடங்காகும். பள்ளி ஆசிரியர்கள் மேலே சொன்ன அயோடின் சோதனையைப் பாடப் புத்தகத்தோடு நிறுத்திவிடாமல், கேழ்வரகுக் கூழிலும் செய்து காட்டினால், மாணவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுசெல்வார்கள்.

விஞ்ஞானம் என்றால் பெரிய யந்திரங்களும் பெருஞ் செலவும் உடையதென்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இங்கே வேண்டியவை ஒரு பிடி கேழ்வரகு, ஓர் ஈரத் துணி, காய்ச்சிய கூழை ஆற்றும் பொறுமை ஆகிய மூன்றுமே. கேழ்வரகு நம் நிலத்தில் விளைகிறது. முளைகட்டும் கலை நம் பாட்டிமார் விட்டுச்சென்றது. சூட்டின் அளவு ஒன்றுதான் புதிதாக அறியவேண்டியது. அதையும் அறிந்துகொண்டு, நம் குழந்தைகளின் கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதிலாக உணவு நிறையச் செய்வது நம் ஒவ்வொருவருடைய கடமையாகும்.